வீட்டு கராஜில் டாட்சன் 240இசட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1972ஆம் ஆண்டு டாட்சன் 240இசட் ஒன்றை ஐந்து வருடமாக வீட்டு கராஜிலேயே சரிபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இருப்பது அமெரிக்காவின் மிச்சிகனில். வண்டியை வாங்கியது அரிசோனாவில். நண்பர்கள் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

240இசட் என்பது சரியாக எந்தக் கார்?

1969 அக்டோபரில் நிஸ்ஸான் ஜப்பானில் ‘ஃபேர்லேடி இசட்’ என்று அறிமுகப்படுத்திய இரண்டு இருக்கைக் கார். கம்பெனிக்குள் அதன் குறியீடு எஸ்30. ஜப்பானில் பெரும்பாலும் 2 லிட்டர் இன்ஜினோடு விற்றார்கள். ஏற்றுமதிக்கு 2,393 சிசி கொண்ட எல்24 இன்ஜினைப் போட்டு, டாட்சன் 240இசட் என்று பெயர் வைத்தார்கள். வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒரே கேம் ஷாஃப்ட், பக்கவாட்டில் இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யோஷிஹிகோ மட்சுவோ. அமெரிக்காவில் இப்படி ஒரு கார் விற்கும் என்று தலைமையகத்தோடு மல்லுக்கட்டியவர் யுடாகா கட்டயாமா. 105 வயது வரை வாழ்ந்து 2015இல் மறைந்தார். அவர் சொன்னபடியே நடந்தது. 3,526 டாலருக்கு வந்த அந்தக் காருக்கு ஜனங்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971இலும் 1973இலும் வென்றதும் இதே கார்தான். 1973இல் ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் ஷேகர் மேத்தா. அந்தக் கரடுமுரடு மண் சாலையைத் தாங்கிய கட்டுமானம் என்பதால்தான் ஐம்பது வருடம் கழித்தும் இதைக் கழற்றிப் பூட்ட முடிகிறது.

எந்த வருட மாடலை வாங்கலாம்?

1970 முதல் 1972 வரை வந்தவற்றில் கார்புரேட்டரின் மேல்மூடி உருண்டையாக இருக்கும். 1973இல் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டை மூடி கொண்ட வேறு கார்புரேட்டரைப் போட்டார்கள். சூட்டில் அது படுத்தும் பாட்டினால் பலரும் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டினார்கள். ஆனால் கார்புரேட்டரை ஒரு சனிக்கிழமையில் மாற்றிவிடலாம். துருப்பிடிக்காத 1973 வண்டியும் இற்றுப்போன 1971 வண்டியும் எதிரே நின்றால், யோசிக்காமல் 1973ஐ எடுங்கள்.

வாங்கப் போகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

தகரத்தை. இன்ஜின் ஓடுகிறதா என்பது இரண்டாம் பட்சம். எல்24 இன்ஜினை எப்படியும் எழுப்பிவிடலாம். இற்றுப்போன உடம்பை எழுப்புவது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை.

இந்தக் காருக்குத் தனியாக சேஸி கிடையாது, உடம்பே சேஸி. அடியில் ஓடும் இரண்டு நீளச் சட்டங்கள் மெல்லிய தகரத்தில் மடித்தவை. நிஸ்ஸான் அந்தக் காலத்தில் உள்பக்கம் துருத்தடுப்பு ஒன்றும் பெரிதாகப் பூசவில்லை. தண்ணீர் எங்கெல்லாம் தேங்குகிறதோ அங்கெல்லாம் உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரித் தட்டில் தொடங்குங்கள். ஆசிட் வழிந்து தட்டைத் தின்று, கீழே போகும் சட்டத்தையும் தின்றிருக்கும். பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். அப்புறம் வைப்பர் அடியில் இருக்கும் காற்றுத் தொட்டி. அங்கே விழும் இலையும் சருகும் வடிகாலை அடைத்துக்கொள்ள, தண்ணீர் இருபுறமும் இறங்கி முன் மட்கார்டின் பின்மூலையை அரிக்கும். தரைவிரிப்பைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்கதவின் கீழ் உதடு, டெயில் லைட் பலகை எல்லாவற்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள்.

பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே, நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்திருக்கும் மூலைதான் பட்டி பூசி மறைக்கத் தோதான இடம். நான் எப்போதும் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போவேன். நல்ல தகரத்தில் ‘டக்’கென்று ஒட்டும். பட்டியின் மேல் வழுக்கிக்கொண்டு கீழே விழும். நான் முதலில் பார்க்கப் போன வண்டி பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் நின்றது. காந்தம் அந்த மூலையில் மூன்று இடத்தில் விழுந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், சட்டத்தின் மேல் கறுப்புத் தார் பூச்சு. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. கை குலுக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

எண் பொருத்தம் பார்க்க வேண்டுமா?

அவசியம். இன்ஜின் பக்கம் உள்ள தடுப்புச்சுவரில் சேஸி எண் பொறித்திருக்கும். இடது ஸ்டியரிங் ஏற்றுமதி வண்டி என்றால் எச்எல்எஸ்30 என்று தொடங்கும். வலது ஸ்டியரிங் என்றால் எச்எஸ்30. டாஷ்போர்டு தகட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். இன்ஜின் எண் பிளாக்கிலும் இன்ஜின் அறையில் உள்ள தகட்டிலும் ஒன்றாக இருந்தால் விற்கும்போது மதிப்பு கூடும். இன்ஜின் எண் பொருந்தாவிட்டாலும் ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. சேஸி எண் பொருந்தாவிட்டால் மட்டும் வாங்காதீர்கள்.

மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டுத் தொடங்கலாமா?

வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நல்ல வண்டியைக் கடைசி நட்டு வரை பிரித்து, பெட்டிபெட்டியாக அடுக்கி, பத்து வருடம் கழித்து அப்படியே பெட்டிகளாக விற்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிச்சட்டம் போயிருந்தால் வேறு வழியில்லை, பிரித்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரு வேலை: பிரேக்கை முடித்து ஓட்டுங்கள், அப்புறம் எரிபொருள் பாதை, அப்புறம் சஸ்பென்ஷன். ஓட்டினால்தான் அடுத்து எது தேவை என்று வண்டியே சொல்லும்.

கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். நட்டு போல்ட்டுகளை ஜிப் பையில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று எழுதி வையுங்கள். நிஸ்ஸானின் சர்வீஸ் மேனுவலை அச்செடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும் விசைகளை அதில் பார்த்தே செய்யுங்கள். யாரோ சொன்னார் என்று செய்யாதீர்கள்.

வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

மில்லிமீட்டர் ஸ்பேனர், சாக்கெட் செட்டுகள் (10, 12, 14, 17 இருந்தாலே முக்கால்வாசி வேலை முடியும்), டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் லைட், துரு இளக்கும் எண்ணெய். நல்ல ஜாக் ஒன்று, தரமான ஸ்டாண்டு நான்கு. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. தூக்க வேண்டிய இடம் முன்னே குறுக்குச் சட்டம், பின்னே டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பகுதி. நீளச் சட்டத்தின் நடுவில் ஜாக் வைத்தால் தகரம் நசுங்கும். பழைய 240இசட் பலவற்றின் அடியில் அந்த நசுங்கலைப் பார்க்கலாம்.

வெல்டிங்கை நானே செய்யலாமா?

தளத் தகடு, பேட்டரித் தட்டு போன்றவற்றை மிக் வெல்டர் வைத்துக் கற்றுக்கொண்டு செய்யலாம். உதவாத தகரத்தில் இரண்டு மாதம் பழகிய பிறகு வண்டியில் கை வையுங்கள். தகரம் மெல்லிசு, நீளமாக ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். புள்ளிபுள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வையுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பெட்ரோல் டேங்க் கழற்றியிருக்கட்டும். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து எழுதி, உள்ளே முட்டுக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதுத் தகடு வைத்த பிறகு கதவு சாத்தாது. நீளச் சட்டமும் சஸ்பென்ஷன் பூட்டும் இடங்களும் உயிர் சம்பந்தப்பட்டவை. அவற்றை நான் தேர்ந்தவரிடம்தான் கொடுத்தேன்.

பல வருடம் நின்றுபோன இன்ஜினை எப்படிக் கிளப்புவது?

சாவியைத் திருகாதீர்கள். ஆறு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் 27 மி.மீ. சாக்கெட் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தடைபட்டால் முரட்டுத்தனம் வேண்டாம், இன்னும் ஊறட்டும். தடையில்லாமல் சுற்றினால் எண்ணெயை மாற்றி, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை ஓட்டி எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் ஒரு சொட்டுகூட கார்புரேட்டருக்கு வரக்கூடாது. டேங்கைக் கழற்றிக் கழுவி, ரப்பர் குழாய் அத்தனையும் புதிதாகப் போடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உதிர்த்துவிடும்.

டேப்பெட் இடைவெளி எவ்வளவு?

கேமுக்கும் வால்வைத் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி இது. ஆறிய இன்ஜினில் இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. சூட்டில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.30. கேமின் மூக்கு மேல்நோக்கி நிற்கும்போது அளக்க வேண்டும். 17 மி.மீ. ஸ்பேனரால் பூட்டு நட்டைத் தளர்த்தி, 14ஆல் பிவட்டைத் திருகுங்கள். நட்டை இறுக்கும்போது அளவு நகரும். ஒவ்வொன்றையும் இறுக்கிய பிறகு மறுபடி ஃபீலரை விட்டுப் பாருங்கள். டேப்பெட் சத்தம் லேசாகக் கேட்பது நல்லது. சத்தமே இல்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடாமல் எரிய ஆரம்பித்திருக்கலாம்.

இரட்டைக் கார்புரேட்டர் என்றாலே பயமாக இருக்கிறதே?

இந்த ஹிட்டாச்சி எஸ்யு வகை. எஸ்யு வகைக் கார்புரேட்டரைவிட எளிமையானதை நான் பார்த்ததில்லை. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் ஒரு ஊசி, ஊசி இறங்கும் ஒரு ஜெட். காற்று இழுக்க இழுக்க பிஸ்டன் எழும்பும், ஊசி விலகும், பெட்ரோல் கூடும். அவ்வளவுதான்.

முதலில் டேப்பெட், பாயின்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் பாகம்), டைமிங் (தீப்பொறி வரும் நேரம்) மூன்றையும் முடித்துவிடுங்கள். கார்புரேட்டர் மேல் வரும் புகாரில் பாதி இந்த மூன்றில்தான் இருக்கும். அடுத்து, மேல்மூடியையும் பிஸ்டனையும் கழற்றித் துடையுங்கள். இரண்டும் ஜோடியாகவே தேய்த்துச் செய்தவை, முன் கார்புரேட்டருடையது பின்னுக்குப் போகக் கூடாது. பூட்டிய பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். தங்குதடையில்லாமல் இறங்கி ‘டக்’கென்று உட்கார வேண்டும். நடுவில் உள்ள டாம்பர் குழாயில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றினால் ஆக்சிலரேட்டர் மிதித்ததும் வண்டி ஒரு கணம் திக்கும்.

ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டரைச் சுற்று கீழே இறக்குங்கள். இரண்டு கார்புரேட்டருக்கும் இதுதான் தொடக்கம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி ஐடில் திருகுகளை வையுங்கள். இதற்கென்றே காற்றோட்ட மீட்டர் விற்கிறார்கள். எனக்குப் பழகியது ஒரு ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டரின் வாயில். ‘ஸ்ஸ்’ என்ற அந்த இரைச்சல் இரண்டிலும் ஒரே சுருதிக்கு வரும்வரை கால் சுற்று இங்கே, கால் சுற்று அங்கே. கூடியதும் இன்ஜினின் நடுக்கம் நின்று, 750 சுற்றில் தையல் மெஷின் மாதிரி ஓடும். அந்தக் கணத்துக்காகவே நான் வருடத்துக்கு இரண்டு தடவை இதைச் செய்கிறேன்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இந்த ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. கோடையில் வண்டியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் திக்குவது இந்தச் சூட்டால்தான். நடுவில் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஹெட் கழற்றும்போது எங்கே தவறு நடக்கும்?

டைமிங் செயினில். கேம் ஸ்பிராக்கெட்டைக் கழற்றுவதற்கு முன், செயினின் இரு பக்கத்துக்கும் நடுவே ஒரு மர ஆப்பை மேலிருந்து இறக்கி இறுக்கிவிடுங்கள். அது இல்லாமல் செயின் தளர்ந்தால் டென்ஷனர் வெளியே குதித்துவிடும். அதை உள்ளே தள்ள முன்மூடி முழுவதையும் பிரிக்க வேண்டும். செயினிலும் ஸ்பிராக்கெட்டிலும் முன்கூட்டியே பெயின்டால் குறி வையுங்கள்.

பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம். பலரும் செய்வது, இதே வரிசையில் பின்னால் 1979–81இல் வந்த 280இசட்எக்ஸ் காரின் டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டுவது. மாட்யூல் பக்கவாட்டிலேயே இருக்கும், நேராகப் பொருந்தும். ஆனால் 240இசட்டின் ஆர்பிஎம் மீட்டர், காயிலுக்குப் போகும் கரன்டைக் கொண்டே வேலை செய்கிறது. வயரிங் மாற்றும்போது அந்தச் சுற்றை வெட்டிவிட்டால் மீட்டர் செத்துவிடும். பாயின்ட்டோடு இருப்பதும் தப்பில்லை: இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ. வரை வைத்து, கன்டென்சர் ஒன்றை எப்போதும் உபரியாக வண்டியில் வைத்திருங்கள்.

பின்சக்கரத்து ஸ்பிண்டில் பின் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துவதில் நியாயம் இருக்கிறது. பின் ஸ்ட்ரட்டின் அடிப்பாகத்தையும் சஸ்பென்ஷன் கையையும் இணைக்கும் நீளமான இரும்புத் தண்டு அது. அங்கே அதிர்வைத் தாங்கும் புஷ்ஷை மாற்ற வேண்டுமென்றால் உருவியாக வேண்டும். ஐம்பது வருடத் துருவில் தண்டும் புஷ்ஷின் உள் உறையும் ஒன்றாகிப் போயிருக்கும்.

இடது பக்கம் எனக்கு ஒரு மணி நேரத்தில் வந்தது. வலது பக்கம் மூன்று வார இறுதிகளைத் தின்றது. முதல் நாளே பொறுமையிழந்து சுத்தியலால் முனையில் அடித்தேன். மரை நசுங்கி காளான் மாதிரி விரிந்துவிட்டது, பிறகு அதை அறுத்துத் தள்ள வேண்டியதாயிற்று. நீங்கள் அடிக்காதீர்கள். நடுவில் குறுக்காக இருக்கும் பூட்டு ஆணியை முதலில் எடுக்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான். தினமும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். கனமான குழாய்த் துண்டு, தடித்த வாஷர், மரை போட்ட கம்பி வைத்து இழுவைக் கருவி ஒன்று செய்து, நட்டைத் திருகித் திருகி இழுங்கள். கொஞ்சமும் அசையாமல் இருந்துவிட்டு, திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அங்கேதான் அது விட்டுக்கொடுக்கிறது.

திருப்பிப் போடும்போது புதுத் தண்டு போட்டு, துருப்பிடித்து ஒட்டவிடாத கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். ரப்பர் புஷ் என்றால், வண்டி நான்கு சக்கரத்திலும் எடையோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

கிளட்சை விட்டதும் பின்னால் ‘டங்’ என்கிறது. டிஃபரன்ஷியல் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. அதைத் தாங்கும் முன்பக்க ரப்பர் மவுன்ட் கிழிந்திருக்கும். அடுத்து அரை ஷாஃப்ட்டுகளின் யு-ஜாயின்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

காருக்குள் பெட்ரோல் வாசனையும் புகையும் வருகிறது. என்ன செய்ய?

இவை இரண்டும் வேறு வேறு. பெட்ரோல் வாசனை என்றால், வலது பின்மூலையில் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒரு சின்ன ஆவித் தொட்டி இருக்கிறது. அதற்குப் போகும் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

புகைக்குக் காரணம் வண்டியின் வடிவம். ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைகிறது, சைலன்சர் புகை அங்கேயே சுழன்று கிடைக்கிற இடுக்கில் உள்ளே நுழைகிறது. பின்கதவின் ரப்பர், டெயில் லைட்டுகளின் கேஸ்கெட், தளத்தில் உள்ள ரப்பர் அடைப்பான்கள் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள்; சுலபமாக வந்தால் அங்கே ஓட்டை. அதுவரை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். அது கார்பன் மோனாக்சைடு, தலைவலியோடு நிற்காது.

வயரிங்கில் கவனிக்க வேண்டியது?

ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது. முழுக் கரன்டும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவும் ஃபியூஸ் பெட்டி வழியாகவும் போகிறது. இரண்டும் சூடாகி உருகும். ரிலே வயரிங் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். இந்தக் காரில் செய்யும் முதல் மின்வேலை இதுவாக இருக்கட்டும். எர்த் இணைப்புகள் அனைத்தையும் தகரம் பளபளக்கும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

எந்த எண்ணெய், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?

இன்ஜினுக்குத் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள பழைய கார் எண்ணெய். கேமும் ராக்கரும் உரசிக்கொண்டு ஓடுவதால் அது தேவை. நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரக் கியர் எண்ணெய் மட்டும். ஜிஎல்-5இல் உள்ள சேர்மம் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பிளக் என்ஜிகே பிபி6இஎஸ்.

பாகங்கள் கிடைக்கின்றனவா? பெரிய இன்ஜின் மாற்றலாமா?

ரப்பர், புஷ், பிரேக், தகரத் துண்டுகள் வரை மறுதயாரிப்பில் கிடைக்கின்றன. டாஷ்போர்டு வெடிக்காமல் கிடைப்பதுதான் அரிது. 280இசட்டின் 2,753 சிசி எல்28 இன்ஜின் அதே இடத்தில் அப்படியே உட்காரும், பலர் மாட்டுகிறார்கள். என் யோசனை: மாட்டினாலும் பழைய எல்24ஐ விற்காமல் எண்ணெய் பூசி மூலையில் வையுங்கள்.

குளிர்காலத்தில் என்ன செய்வது?

சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்ததும் என் வண்டி கராஜை விட்டு வராது. டேங்கை நிரப்பி ஸ்டெபிலைசர் ஊற்றி, எண்ணெய் மாற்றி, பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் போட்டுவிடுவேன். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி அணைக்கும் பழக்கம் வேண்டாம். சைலன்சரிலும் எண்ணெயிலும் நீர்தான் சேரும். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் போதும். வைப்பருக்கு அடியில் உள்ள தொட்டியில் சருகை அள்ளி, வடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சொட்டினால், பாதை திறந்திருக்கிறது.